பனையோலை அலங்காரத்துக்குப் பணம் வாங்கிவிட்டு பிளாஸ்டிக் பூ வைத்தது குறித்த புகார்

அனுப்புநர்:
தை மாத வரவேற்பின் மணப்பெண்,
பாளையங்கோட்டை.

பெறுநர்:
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
திருமண அலங்கார நிறுவனம்,
திருநெல்வேலி.

பொருள்: ஒப்புக்கொண்ட கைவேலை அலங்காரத்தைச் செய்யாதது, எங்கள் பொருள்களைச் சேதப்படுத்தியது, அவற்றின் படங்களை அனுமதியின்றி விளம்பரத்தில் போட்டது தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். கடந்த தை மாதம் பாளையங்கோட்டையில் நடந்த என் திருமண வரவேற்புக்கு உங்கள் நிறுவனம்தான் அலங்காரம் செய்தது. பில் தொகை முழுவதையும் முந்தின நாளே கட்டிவிட்டோம். நிகழ்ச்சி முடிந்த பிறகு உங்கள் மேலாளரிடம் போனில் பேசினேன், வாட்ஸ்அப்பில் எழுதினேன், அலுவலகத்துக்கு நேரிலும் வந்தேன். "சின்ன விஷயம்தானே மேடம், ஆல்பத்துல எல்லாம் நல்லாத்தான் இருக்கும்" என்பதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு பதிலும் வரவில்லை. எங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஏன் என்று உங்களுக்கே தெரியட்டும் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

என் ஆச்சிக்குப் பிறந்த ஊர் திசையன்விளைப் பக்கம். சுற்றிலும் செம்மண் தேரியும் பனையும்தான். நார்ப்பெட்டி, கொட்டான், தடுக்கு, பிள்ளைகளுக்குக் கிலுகிலுப்பை என்று சின்ன வயதிலிருந்தே ஓலையில் முடைந்தவர். இப்போது கண்பார்வை மங்கிவிட்டது, ஆனாலும் விரல் தடவியே ஓலையின் அகலம் சொல்லிவிடுவார். என் கல்யாணம் நிச்சயமானதும், "மேடைக்கு நான் ஓலையில செஞ்சு தாரேன்" என்று அவர்தான் கேட்டார். கடை அலங்காரம் வேண்டாம், நம் வீட்டு ஆட்களின் கை பட்டதுதான் மேடையில் இருக்க வேண்டும் என்று நாங்கள் எல்லோரும் முடிவு செய்தது அன்றுதான்.

ஓலை வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விரியாத குருத்தோலையைப் பனையேறிதான் மரத்தில் ஏறி வெட்டித் தர வேண்டும். அதை வெயிலில் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்துக்குக் கிழிக்க வேண்டும். சாயம் வேண்டுமென்றால் கொதிக்கிற சாயத் தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடியும் உலர்த்த வேண்டும். முடைகிற நேரத்தில் ஓலை லேசான ஈரத்தோடு இருந்தால்தான் மடங்கும், காய்ந்துவிட்டால் மடிப்பில் வெடித்துவிடும். முடைந்து முடித்த பிறகு ஈரமே ஆகாது, கறுப்புப் புள்ளி விழுந்துவிடும். இதையெல்லாம் ஆச்சி சொல்லச் சொல்ல அம்மாவும் சித்தியும் மதினியும் செய்தார்கள். கிளி, மீன், நட்சத்திரம், மேடையின் இரண்டு பக்கமும் தொங்குவதற்கு நீளமான சரங்கள். கிளிகளை மட்டும் ஆச்சி வேறு யாரையும் தொட விடவில்லை. ஒவ்வொரு கிளியின் வாலிலும் மூன்று ஓலையைப் பின்னி, நுனியை நகத்தால் கீறி விசிறி மாதிரி விரித்துவிடுவார். ஓலை கிழித்துக் கிழித்து அவர் வலது பெருவிரல் ஓரத்தில் வெடிப்பு விழுந்திருந்தது. மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு மறுநாளும் உட்கார்ந்தார்.

மேடையின் நடுவில் தொங்கவிட பத்தமடையில் ஒரு கோரைப்பாய்க்குச் சொல்லியிருந்தோம். கல்யாணத்துக்கு மணமக்கள் பெயரையும் தேதியையும் பாயிலேயே நெய்து தருவது அங்கே வழக்கம். தாமிரபரணிக் கரையில் வளரும் கோரையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மெலிதாக வகிர்ந்து, பருத்தி நூலைப் பாவாக வைத்து நெய்கிற பாய் அது. எங்கள் இருவர் பெயரும் தமிழில், சுற்றிலும் அரக்குச் சிவப்புக் கரையோடு வந்தது. வாங்கி வந்த அன்று வீட்டுக் கூடத்தில் விரித்துவிட்டு, யாரும் மிதிக்காமல் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

உங்கள் மேலாளர் வீட்டுக்கே வந்து இதையெல்லாம் பார்த்தார், அளவெடுத்தார். சவுக்குக் கம்பில் சட்டம் கட்டி, பின்னால் காடாத்துணி போட்டு, அதன் மேல் ஓலைச் சரங்களைக் கட்டலாம் என்று வரைந்து காட்டினார். பில்லில் 'ஹேண்ட்மேட் தீம்' என்று தனி வரி போட்டு அதற்கு 45,000 ரூபாய் வாங்கினீர்கள். ஓலையில் தண்ணீர் படக் கூடாது, பாயில் ஆணி அடிக்கக் கூடாது, கரையில் வைத்துள்ள நூல் வளையத்தில் கயிறு கோத்துத்தான் தொங்கவிட வேண்டும் என்று நான் எழுதி அனுப்பினேன். "ஓகே மேடம், நோட் பண்ணிக்கிட்டேன்" என்ற அவருடைய பதில் என்னிடம் இருக்கிறது.

வரவேற்பு நாளன்று காலையில் என் தம்பி எல்லாப் பொருளையும் அட்டைப் பெட்டிகளில் மண்டபத்தில் ஒப்படைத்தான். மதியம் போய்ப் பார்த்தபோது உங்கள் ஆட்கள் ஒருவர்கூட வந்திருக்கவில்லை. அன்று பெரிய முகூர்த்த நாள். வேறொரு மண்டபத்தில் வேலையை முடித்துவிட்டு, நாலு மணிக்கு மேல்தான் வந்தார்கள். நான் அலங்காரம் முடிந்து, விருந்தாளிகள் வரத் தொடங்கிய பிறகு மேடைக்கு வந்தேன். ரோஸும் வெள்ளையுமாக பிளாஸ்டிக் பூ ஒட்டிய ரெடிமேட் பேனல் நின்றது. நடுவில் எல்.இ.டி. விளக்கில் ஆங்கில எழுத்தில் எங்கள் பெயர். ஒரே ஒரு ஓலை இல்லை.

வரிசையாக ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். சிரித்துக்கொண்டுதான் நின்றேன். எனக்கு இன்றைக்கும் ஆறாதது, ஆச்சி மேடையேறி வந்த நேரம்தான். புதுச் சேலை கட்டிக்கொண்டு, மதினி கையைப் பிடித்து மெதுவாக ஏறி வந்தார். எங்களை ஆசீர்வாதம் பண்ணிவிட்டு, எனக்குப் பின்னால் கையை நீட்டித் தடவினார். பிளாஸ்டிக் பூதான் கையில் பட்டது. "ஏளா, ஓலைய எங்க கெட்டிருக்காவ?" என்று கேட்டார். என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. என் கணவர்தான், "வாசல் பக்கம் கட்டியிருக்காங்க ஆச்சி" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். அவர் நம்பவில்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரிந்தது.

பாய் எங்கே என்று தம்பி தேடியபோது அது மேடைக்குப் பின்னால் தரையில் கிடந்தது. முதலில் ஆணி அடித்து மாட்டப் பார்த்திருக்கிறார்கள், அது நிற்கவில்லை என்றதும் கீழே போட்டு அதன் மேலேயே ஜெனரேட்டர் வயரை இழுத்திருக்கிறார்கள். நான்கு இடத்தில் ஆணி ஓட்டை. அதில் ஒன்று என் கணவர் பெயரின் நடுவில். செருப்புத் தடம் இன்னும் போகவில்லை. ஓலைப் பெட்டிகளைத் தண்ணீர் கேன்களுக்கு அடியில் வைத்திருந்தார்கள், ஒரு கேன் ஒழுகி அடிப்பக்கம் ஊறிவிட்டது. மறுநாள் காலையில் போனால் இரண்டு பெட்டிகளைக் காணவில்லை. வாடிய பூவோடும் எச்சில் இலையோடும் சேர்த்து மாநகராட்சிக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டார்கள் என்று மண்டபக் காவலாளி சொன்னார். கிளிகள் பெரும்பாலும் அந்தப் பெட்டிகளில்தான் இருந்தன.

இதோடு குடிதண்ணீர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் கூடவே கூடாது என்று சொல்லி எவர்சில்வர் டம்ளர்களை நாங்களே வாடகைக்கு எடுத்துத் தந்திருந்தோம். உங்கள் ஆட்கள் அதைப் பிரிக்காமலே வைத்துவிட்டு, உள்ளே பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்புகளை அடுக்கிவிட்டார்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்களில் அந்தக் கப்பும் ஒன்று. நாள்தோறும் மண்டபங்களில் வேலை பார்க்கிற நிறுவனத்துக்கு இதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நன்றாக நடந்ததையும் சொல்ல வேண்டும். மண்டப வாசலில் ஆச்சி உட்கார்ந்து பிள்ளைகளுக்கு ஓலை மீன் முடையச் சொல்லித் தருவதாக ஒரு ஏற்பாடு இருந்தது. அதற்கு நீங்கள் மேசை போடவில்லை. தம்பியே சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ஒரு பெஞ்சைத் தூக்கி வந்தான். தனியாக ஒரு பையில் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த ஓலையும் சில கிளிகளும் அந்தப் பெஞ்சில் இருந்தன. மேடையிலிருந்து இறங்கிப் போய் அங்கே உட்கார்ந்தவர் கடைசிவரை எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் சாப்பிடக்கூடப் போகாமல் அவரைச் சுற்றி நின்றார்கள். என் அலுவலகத் தோழிகள் இரண்டு பேர் பட்டுப்புடவையோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். அப்புறம் தாம்பூலம். அம்மா பழைய பருத்திச் சேலைகளில் தைத்த பைகளில், மாமியார் உடன்குடியிலிருந்து வரவழைத்த கருப்பட்டியை ஒவ்வொரு துண்டு போட்டுக் கொடுத்தோம். இரண்டு குடும்பத்துக்கும் பனைதான் பொது என்று மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வரவேற்பைப் பற்றி இன்றைக்கும் சொந்தக்காரர்கள் பேசுவது இந்த இரண்டையும்தான்.

உங்கள் ஆட்களில் லைட் வேலை பார்த்த தம்பிதான் பாயைத் தரையிலிருந்து எடுத்துத் தட்டி, சுருட்டி, என் தம்பி கையில் கொடுத்தார். அவருக்கு எங்கள் நன்றியைச் சொல்லுங்கள். மற்ற பையன்களும் காலையிலிருந்து சரியாகச் சாப்பிடாமல் அடுத்தடுத்து இரண்டு மண்டபத்தில் வேலை பார்த்தவர்கள். இந்தக் கடிதத்தைக் காட்டி அவர்கள் கூலியில் கை வைக்க வேண்டாம். ஒரே முகூர்த்த நாளில் ஒரே குழுவை வைத்துக்கொண்டு இரண்டு ஆர்டர் எடுத்தது நிர்வாகம். ஓலை கட்ட நேரம் ஆகும் என்று தெரிந்தே எங்களிடம் தனியாகப் பணம் வாங்கியதும் நிர்வாகம். நேரம் இல்லை என்று எனக்கோ அம்மாவுக்கோ ஒரு போன் போட்டிருந்தால், எங்கள் வீட்டு ஆட்கள் பத்துப் பேர் வந்து கட்டியிருப்பார்கள்.

இதற்குப் பிறகும் நான் பேசிப் பார்க்கலாம் என்றுதான் இருந்தேன். உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்ததும்தான் எழுத உட்கார்ந்தேன். 'எங்கள் புதிய பனை தீம், புக்கிங்கிற்கு அழையுங்கள்' என்று படங்கள் போட்டிருக்கிறீர்கள். ஆச்சியின் பெஞ்சில் இருந்த கிளிகள்தான் அவை. ஒரு படத்தில் ஆச்சியின் கையே இருக்கிறது, பெருவிரல் வெடிப்போடு. அவரிடம் கேட்கவில்லை, எங்களிடமும் கேட்கவில்லை. மேடையில் கட்ட நேரமில்லாத ஓலையை நின்று படம் பிடிக்க நேரம் இருந்திருக்கிறது. நீங்கள் செய்யாத வேலையை, அதைச் செய்த கையையே காட்டி விற்கிறீர்கள். பில்லையும் பாயையும்விட இதுதான் எனக்கு அதிகக் கோபம்.

நாங்கள் கேட்பது இதுதான். 'ஹேண்ட்மேட் தீம்' என்று வாங்கிய 45,000 ரூபாயை முழுவதும் திருப்பித் தர வேண்டும். பாயைப் பழையபடி ஆக்க முடியாது என்று பத்தமடையில் சொல்லிவிட்டார்கள், அதனால் அதே மாதிரி புதிதாக நெய்யும் செலவை நீங்கள் ஏற்க வேண்டும். ஆச்சியின் கையும் அவர் செய்த பொருள்களும் உள்ள படங்களை உடனே நீக்க வேண்டும், அவை உங்கள் வேலை இல்லை என்பதையும் அதே பக்கத்தில் தெரிவிக்க வேண்டும். குப்பையில் போன ஓலை வேலைக்கு என்ன விலை என்று நான் கேட்கப்போவதில்லை. அதற்கு நீங்கள் வீட்டுக்கு வந்து ஆச்சியிடம் நேரில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். மேலாளரை அனுப்பாமல் நீங்களே வர வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் எழுத்து மூலம் பதில் தாருங்கள். இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி சேவைக் குறைபாட்டுக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணமும் கிடையாது. அலைய வேண்டியிருக்கும் என்று தெரியும், அதற்கும் வீட்டில் எல்லோரும் தயாராகத்தான் இருக்கிறோம்.

பாய் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. ஆணி ஓட்டைகளைப் பார்க்க வேண்டுமென்றால் எந்த நாளும் மாலை ஆறு மணிக்கு மேல் வரலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
பாளையங்கோட்டை.

இணைப்பு: பில் நகல், மேலாளருடனான வாட்ஸ்அப் உரையாடல், பாய், மேடை ஆகியவற்றின் படங்கள், உங்கள் இன்ஸ்டாகிராம் பதிவின் நகல்.