நடைபாதை ஓரத்தில் உதிரும் அரளிக் காய்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விநாயகர் சதுர்த்திக்கு முந்தைய நாள் காலையில், எங்கள் வீட்டு நாட்டு நாய் செவலையை வழக்கம்போல் அருகிலுள்ள பூங்காவுக்கு நடக்க அழைத்துச் சென்றிருந்தேன். பூஜைக்குப் பூப்பறிக்க வந்தவர்கள், நடைபாதையை ஒட்டி வரிசையாக நிற்கும் தங்க அரளி மரங்களைத் துறட்டியால் வளைத்து உலுக்கிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் பூக்களோடு, சிறு பம்பரம் போன்ற பச்சைக் காய்களும் பொலபொலவென உதிர்ந்தன. பந்து என்று நினைத்ததோ என்னவோ, நான் கயிற்றைச் சுண்டி இழுப்பதற்குள் செவலை ஒரு காயைக் கவ்விக் கடித்துவிட்டது. அதன் வாயோரம் வெள்ளைப் பால் வடிந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

வீடு திரும்புவதற்குள் எச்சில் ஒழுகத் தொடங்கியது. இரண்டு முறை வாந்தி எடுத்து, வாசற்படியிலேயே சுருண்டு படுத்துவிட்டது. கால்நடை மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, என்ன தின்றது, எப்போது தின்றது என்பதுதான். கடிபட்ட காயின் மீதியை நான் சட்டைப் பையில் போட்டு எடுத்துச் சென்றிருந்ததால் பதில் சொல்ல முடிந்தது. அரளியின் நஞ்சு இதயத்தைத் தாக்கி, துடிப்பைக் குறைத்து, தாறுமாறாக்கிவிடக் கூடியது என்பதால், இரண்டு நாள் அங்கேயே வைத்துத் துடிப்பைக் கண்காணித்தார்கள். செவலை பிழைத்தது.

இதில் பிழை என்னுடையதும்தான். அரளி விதை நஞ்சு என்பது ஊரறிந்த செய்தி. பூ சாமிக்கு உகந்தது என்பதால், அந்த மரத்தடியில் நாயை நடத்திச் செல்லும்போது அது நினைவுக்கு வரவில்லை. ஆடு மாடு வாய் வைக்காது, தண்ணீரும் அதிகம் தேவைப்படாது என்பதற்காகவே நெடுஞ்சாலைகளின் நடுத்தடுப்பில் செவ்வரளியையும் வெள்ளரளியையும் நடுகிறார்கள். மாடு வாய் வைக்காததற்குக் காரணம் அதன் கசப்பும் நஞ்சும் என்பதை நடுகிறவர்கள் அறிந்தே இருப்பார்கள். ஆனால் நாய், அதிலும் பல் முளைக்கும் பருவத்துக் குட்டி, எதையும் வாயால் கடித்துப் பார்த்தே தெரிந்துகொள்கிறது. மேய்ச்சல் விலங்குக்கு உள்ள எச்சரிக்கை அதற்குக் கிடையாது.

அரளி மட்டுமன்று. மழைக்குப் பின் காலி மனைகளில் தானாக முளைத்து நிற்கும் ஆமணக்கின் விதையை நாய் முழுதாக விழுங்கினால் சில வேளை அப்படியே வெளியேறிவிடும். கடித்து மென்றுவிட்டால், பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்தான், இரத்தப்போக்கோடு கூடிய கழிச்சல் தொடங்கும். காலையில் தின்றது மாலைவரை நன்றாக இருக்கிறதே என்று நிம்மதி அடைவதற்கில்லை. ஆமணக்குப் புண்ணாக்கை உரமாகப் போட்டிருக்கும் பாத்திகளிலும் இதே ஆபத்து உண்டு. எண்ணெய் எடுத்த பிறகும் நஞ்சு சக்கையில் தங்கிவிடுகிறது, அதன் மணமோ நாயை இழுக்கிறது. வேலியில் ஏறும் குன்றிமணி, குப்பைமேட்டு ஊமத்தை, காட்டாமணக்கு ஆகியவற்றையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். இவையெல்லாம் பாட்டிமார் பெயர் சொல்லி எச்சரித்தவை. நாற்றுப்பண்ணைகளில் அழகுக்காக விற்கப்படும் சைக்கஸ் செடியை அப்படி எச்சரிக்க ஆளில்லை. பனங்கன்று போலத் தோன்றினாலும் அது பனை இனமே அன்று. அதன் எல்லாப் பாகங்களும், எல்லாவற்றையும்விட விதைகள், நாயின் கல்லீரலைச் சிதைப்பவை. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நுழைவாயிலில் இன்று அது இல்லாத இடம் குறைவு.

நஞ்சு தின்ற நாய்க்கு உப்புக் கரைசலையோ சாணிக் கரைசலையோ வாயைப் பிளந்து ஊற்றும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. எனக்கும் அன்று அண்டை வீட்டார் அதைத்தான் சொன்னார்கள். அதிக உப்பு தன்னளவிலேயே நாய்க்கு நஞ்சாகும். துவண்டு கிடக்கும் நாயின் வாயில் எதை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். தின்ற செடியின் ஒரு கிளையையோ காயையோ கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுவதுதான் செய்யத்தக்கது.

மரங்களை வெட்டச் சொல்லி நான் எழுதவில்லை. பொதுப் பூங்காக்களைப் பராமரிக்கும் உள்ளாட்சி அமைப்புகள், இத்தகைய செடிகளில் தமிழ்ப் பெயரோடு ‘நச்சுச் செடி’ என்ற பலகையை மாட்டலாம். இனி நடுபவற்றை நடைபாதையிலிருந்தும் குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்தும் தள்ளி நடலாம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், நம் தெருக்களில் காணப்படும் நச்சுச் செடிகளின் படங்களோடு ஒரு சிறு கையேட்டை வெளியிட்டு, நாய்களுக்கு உரிமம் வழங்கும் அலுவலகங்களிலும் தடுப்பூசி முகாம்களிலும் கிடைக்கச் செய்தால் பேருதவியாக இருக்கும். எங்கள் பூங்காவில் காலை எட்டு மணிக்குத்தான் நடைபாதையைக் கூட்டுகிறார்கள். நடக்க வருபவர்களோ ஐந்தரை மணிக்கே வந்துவிடுகிறோம். உதிர்ந்த காய்களை முதல் நாள் மாலையிலும், பூப்பறிப்பு முடிந்தவுடன் ஒரு முறையும் அள்ளிவிட ஏற்பாடு செய்யுமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாய் வளர்க்கும் வாசகர் ஒருவர்