‘சிங்க்-கான்ஃப்ளிக்ட்’ ஃபைலை அழிக்கும் முன்

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போனிலும் லேப்டாப்பிலும் உள்ள ஃபைல்களை ஒரேபோல வைத்திருக்கும் சிங்க்திங் மென்பொருளை நம்மிடம் போட்டுக்கொண்டவர்கள் அடிக்கடி கேட்பது இது: “கணக்கு என்று ஒரே ஒரு ஃபைல்தான் வைத்திருந்தேன். பக்கத்தில் ‘சிங்க்-கான்ஃப்ளிக்ட்’ என்று நீளப் பெயரோடு இன்னொன்று முளைத்திருக்கிறதே, வைரஸா?” வைரஸ் இல்லை. அதற்குள் நீங்கள் எழுதிய வரிகள்தான் இருக்கின்றன. பார்க்காமல் அழித்தால் அந்த அழிப்பும் எல்லாக் கருவிகளுக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

காலையில் பஸ்ஸில் போகும்போது போனில் இரண்டு வரி சேர்க்கிறீர்கள். சிங்க்திங்கை வைஃபை கிடைத்தால் மட்டுமே ஓடும்படி வைத்திருப்பதால் அவை போனிலேயே நிற்கின்றன. பிறகு லேப்டாப்பில் அதே நோட்டைத் திறந்து வேறு மூன்று வரி எழுதுகிறீர்கள். மாலையில் இரண்டும் சந்திக்கும்போது எதை வைப்பது? சிங்க்திங் ஃபைலுக்குள் புகுந்து வரிகளைக் கோக்காது. கடைசியாகத் திருத்தியது எதுவோ அதற்குப் பழைய பெயர், முந்தியதற்குப் புதுப் பெயர், அவ்வளவுதான். அதனால் போனிலும் லேப்டாப்பிலும் கடிகாரம் தானாகச் சரிசெய்துகொள்ளும்படி இருக்கட்டும். ஒன்று பத்து நிமிடம் முந்தி ஓடினால்கூடத் தவறான பிரதி பழைய பெயரில் உட்கார்ந்துகொள்ளும்.

பெயரில் உள்ள தேதியும் நேரமும் மோதல் தெரியவந்த நேரம், நீங்கள் எழுதிய நேரம் அல்ல. கடைசி 7 எழுத்துகள் அந்தப் பிரதியைத் திருத்திய கருவியின் ஐடியில் (சிங்க்திங்கில் ஒவ்வொரு கருவிக்கும் இருக்கும் அடையாளக் குறியீடு) வரும் முதல் 7 எழுத்துகள். அதைப் பார்த்தே போனில் எழுதியதா, லேப்டாப்பில் எழுதியதா என்று சொல்லிவிடலாம்.

சேர்க்கும் வேலையை ஒரே கருவியில் செய்யுங்கள், லேப்டாப் வசதி. முதலில் இரண்டு பக்கமும் ‘அப் டு டேட்’ (எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது) என்று காட்டுகிறதா பாருங்கள். இரண்டு ஃபைலையும், ஃபைல்களை ஒப்பிட்டுக் காட்டும் வின்மெர்ஜ் மென்பொருளில் திறந்தால் மாறியுள்ள வரிகள் நிறத்தில் தெரியும். விடுபட்டதைப் பழைய பெயருள்ள ஃபைலில் சேர்த்து, சேமித்து, அதன் பிறகு மற்றதை அழியுங்கள். கீபாஸ் கடவுச்சொல் ஃபைலாக இருந்தால் கையால் எதுவும் செய்ய வேண்டாம். அந்த ஃபைலைத் திறக்கும் கீபாஸ்எக்ஸ்சி மென்பொருளிலேயே இன்னொரு ஃபைலிலிருந்து சேர்த்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. ரொம்ப நாள் ஒத்திப்போடவும் கூடாது: ஒரு ஃபைலுக்கு 10 மோதல் பிரதிகள்தான் நிற்கும், அதற்கு மேல் பழையது போய்விடும்.

ஆப்சிடியன் என்ற நோட் எழுதும் ஆப்பைப் பயன்படுத்துவோருக்கு மோதல் பெரும்பாலும் ‘ஒர்க்ஸ்பேஸ்’ என்று தொடங்கும் ஃபைலில்தான் வரும். எந்த நோட் திறந்திருந்தது என்பதை மட்டும் வைத்திருக்கும் ஃபைல் அது, நஷ்டமில்லை. சிங்க்திங்கில் அந்த ஃபோல்டரின் ‘இக்னோர்’ (அனுப்ப வேண்டாதவை) பட்டியலில் அதைச் சேர்த்துவிடுங்கள். அந்தப் பட்டியல் கருவிக்குக் கருவி தாவாது. போனில் ஒரு முறை, லேப்டாப்பில் ஒரு முறை எழுத வேண்டும்.

மோதல் குறைய வேண்டுமானால் இரண்டு வழி. மாதக் கணக்கை ஒரே நீள நோட்டாக வைக்காமல் நாளுக்கு ஒன்றாகப் பிரிப்பது ஒன்று. இன்னொன்று, எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் மூன்றாவது கருவி. பழைய லேப்டாப் போதும். நடுவில் சர்வர் எதுவும் உங்கள் ஃபைலை வாங்கி வைத்துக்கொள்ளாததால் போனும் லேப்டாப்பும் ஒரே நேரத்தில் இயங்கினால்தான் ஃபைல் கைமாறும். போனின் பேட்டரி சேமிப்பு சிங்க்திங்கைத் தூங்கவைத்தாலும் இதே கதைதான். அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிடுங்கள்.

அந்த மூன்றாவது கருவியில் ‘ஸ்டேகர்ட்’ வெர்ஷனிங்கை, அதாவது பழைய பிரதிகளை இடைவெளி விட்டுச் சேமிக்கும் வசதியை, போடுங்கள். நிறுவும்போது வெர்ஷனிங் அணைந்தேதான் இருக்கும். போட்ட பிறகு, முதல் நாளுக்கு மணிக்கு ஒன்று, 30 நாள்வரை நாளுக்கு ஒன்று, அதன்பின் வாரத்துக்கு ஒன்று என்று பழைய பிரதிகள் நிற்கும். ஒன்று மறக்க வேண்டாம்: வேறு கருவியிலிருந்து வரும் மாற்றத்துக்குத்தான் இது வேலை செய்யும். லேப்டாப்பில் நீங்களே அழித்ததை லேப்டாப்பில் தேடிப் பயனில்லை, மூன்றாவது கருவியில் தேடுங்கள்.

கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டரைத் தயவுசெய்து இதில் போடாதீர்கள். அங்கே பல ஃபைல்கள் ஒன்றோடொன்று பொருந்தியிருக்க வேண்டும். சிங்க்திங் அவற்றைத் தனித்தனியாக நகர்த்தும், பாதி புதிது பாதி பழையது என்று ஆகிவிட்டால் டேட்டா திறக்காது. அதற்கு அந்த மென்பொருளின் பேக்கப் ஃபைலை மட்டும் அனுப்பலாம்.

2024 டிசம்பரோடு சிங்க்திங்கின் அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு ஆப் நிறுத்தப்பட்டது. இன்னும் அதையே வைத்திருப்பவர்கள் அதிலிருந்து பிரித்து வேறு ஆட்கள் நடத்தும் ‘சிங்க்திங்-ஃபோர்க்’ ஆப்புக்கு மாற வேண்டும். புதிதாக நிறுவினால் போனுக்குப் புது ஐடி வரும், அதை லேப்டாப்பும் ஏற்க வேண்டும். எனவே கடைக்கு வரும்போது போனை மட்டும் கொண்டுவராமல் லேப்டாப்பையும் சார்ஜரையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
சர்வீஸ் பிரிவு