அந்த ஆம்னிபஸ்ஸை மறுபடி எடுங்கள்

ஜப்பானில் ஆல்பம் வெளியிடும் சிறிய இசை லேபிள்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

பல குழுக்களின் பாட்டுகளைச் சேர்த்துப் போடும் ஆல்பத்தை உங்கள் ஊரில் 'ஆம்னிபஸ்' என்கிறீர்கள். எங்கள் ஊரில் ஆம்னி பஸ் என்றால் ராத்திரி கிளம்பி விடியற்காலையில் கொண்டுபோய் இறக்கும் தனியார் பேருந்து. முதலில் கேட்டபோது சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்தால் சரியான பெயராகத்தான் பட்டது. முன்பின் தெரியாதவர்கள் ஒரே வண்டியில்.

என்னை ஏற்றிக்கொண்ட வண்டி டோக்கியோவில், ஷிமோகிடஸாவாவின் ஒரு பழைய சிடி கடையில், நூறு யென் பெட்டிக்குள் கிடந்தது. வேலை விஷயமாகப் போனவன், மழைக்கு ஒதுங்கினேன். சிடி உறையைச் சுற்றி வரும், 'ஓபி' என்று நீங்கள் சொல்லும் அந்தக் காகிதப் பட்டை ஓரத்தில் கிழிந்திருந்தது. பதினெட்டு பாட்டு. ஒரு குழுவின் பெயர்கூட எனக்குத் தெரியாது. மூன்றாவது பாட்டில் கிட்டார் தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டுகிறார்கள், சில்லறைக் காசு சிந்துகிற மாதிரி. பாடும் பெண்ணின் குரல் மேலே போகும்போது கொஞ்சம் பிசகுகிறது. அதைத் திருத்தாமல் விட்ட புண்ணியவானுக்கு நன்றி.

அங்கிருந்து நூல் பிடித்துப் போய்த்தான் ஃப்ளிப்பர்ஸ் கிட்டார் என்ற குழுவைக் கண்டுபிடித்தேன். 1989-ல் முதல் ஆல்பம். பாடியவர்கள் ஜப்பானியர்கள், வரிகள் முழுக்க ஆங்கிலம். ஆல்பத்தின் தலைப்பே ஸ்காட்லாந்தின் ஆரஞ்சு ஜூஸ் குழுவினுடைய ஒரு பாட்டின் தலைப்பு. உள்ளே ஒரு பாட்டு, கிளாஸ்கோவின் பாஸ்டல்ஸ் குழுவின் பேட்ஜுகளுக்கு விடைகொடுக்கிறது. அந்த பாஸ்டல்ஸ் யாரென்று தேடினால், 1986-ல் ஒரு பிரிட்டிஷ் இசை வார இதழ் வெளியிட்ட 'சி86' கேசட்டில் இருக்கிறார்கள். 22 குழுக்கள், 22 பாட்டுகள். அதுவும் ஒரு ஆம்னிபஸ்! 1991-ல் ஃப்ளிப்பர்ஸ் கிட்டார் பிரிந்தது. அதிலிருந்த ஒயாமாடா கெய்கோ, கார்னீலியஸ் என்ற பெயரில் பாடிக்கொண்டே ட்ராட்டோரியா என்று ஒரு லேபிளும் நடத்தினார். பிரிட்ஜ் குழு எனக்குக் கிடைத்தது அந்த லேபிள் வழியாகத்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் சிடியில் கீறல் விழுந்துவிட்டது. இணையத்தில் தேடினால் அந்த ஆல்பமே இல்லை. பாட்டு பாட்டாகத் தேடியதில் ஐந்து கிடைத்தன, ஐந்தும் வெவ்வேறு இடங்களில். ஆறாவதின் பெயர் சாம்பல் நிறத்தில் தெரிகிறது, தொட்டால் பாடவில்லை.

உங்கள் சிரமம் புரிகிறது. பதினெட்டு பாட்டின் உரிமை பதினெட்டு கைகளில் இருக்கும். அதில் பாதிப் பேர் கிட்டாரைப் பரண்மேல் போட்டிருப்பார்கள். குழுக்களும் பெயரை மாற்றிக்கொள்கின்றன. அட்வான்டேஜ் லூசி என்று நாம் அறிந்த குழு, 1998-ல் பெரிய கம்பெனிக்குப் போவதற்குமுன் லூசி வான் பெல்ட், அதாவது 'பீனட்ஸ்' சித்திரத் தொடரில் வரும் சிறுமியின் பெயர். இரண்டும் ஒரே ஆட்கள்தான் என்று தேடுபொறிக்கு யார் சொல்வது? சிடியோடு வரும் சின்னப் புத்தகம்தான் சொல்லும்.

அதனால்தான் கேட்கிறேன். அந்தத் தொகுப்புகளை அதே வரிசையில், முழுசாக இணையத்தில் ஏற்றுங்கள். மூன்றாவதுக்கு அடுத்து நான்காவது வந்தால்தான் அது அந்த ஆல்பம். புத்தகத்தையும் ஸ்கேன் செய்து போடுங்கள். ஜப்பானிய மொழியிலேயே இருக்கட்டும், எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்கிறோம். யாராவது ஒருவரைத் தேடிப்பிடிக்க முடியாமல் போனால், அவர் பாட்டை மட்டும் விட்டுவிடுங்கள், பரவாயில்லை. சீட் காலியாகப் போகட்டும், சார்ட்டில் பெயரை மட்டும் அடிக்காதீர்கள்.

இப்படிக்கு,
மூன்றாவது பாட்டில் ஏறிய ஒரு பயணி