விறகு மலையின் சாம்பலை விறகு மலைக்கே அனுப்புங்கள்
மலையகப் பெருந்தோட்ட முகாமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முகாமையாளர்களுக்கு,

வணக்கம். கொழுந்தை வாட்டவும் தூளை உலர்த்தவும் மலையகத்து ஸ்டோர்கள் (தேயிலைத் தொழிற்சாலைகள்) பெரும்பாலும் விறகையே நம்பியிருக்கின்றன. அதற்கென்றே தேயிலைக்கு உதவாத சரிவுகளில் யூகலிப்டஸும், தாழ்ந்த பகுதிகளில் கிளிரிசிடியாவும் வளர்க்கப்படுகின்றன. கிளிரிசிடியாவை 2005இல் இலங்கை அரசாங்கம் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராகவே அறிவித்தது. ஆனால் அடுப்பிலிருந்து வாரிய சாம்பல் ஸ்டோருக்குப் பின்னால் சரிவில் கொட்டப்படுவதையும், பெருமழைக்குப் பின் வெளுத்த சேறாகி வாய்க்கால் வழியே ஓடையில் இறங்குவதையும் தோட்டத்தில் வாழ்பவர்கள் பார்க்கத்தான் செய்கிறோம். அந்தச் சாம்பல் விறகு வெட்டிய மலைக்கே திரும்ப வேண்டும்.

மரம் எரியும்போது நைதரசன் புகையோடு போய்விடுகிறது. கல்சியம், பொட்டாசியம், மக்னீசியம், பொசுபரசு ஆகியவை சாம்பலில் தங்குகின்றன. கிளிரிசிடியா நைதரசனின் பெரும்பங்கை வேர்முடிச்சுகளின் உதவியால் காற்றிலிருந்தே பெற்றுக்கொள்வதால், ஒவ்வொரு வெட்டிலும் அந்த மண் இழப்பதில் முக்கியமானவை சாம்பலாக உங்கள் கையிலேயே இருக்கின்றன. யூகலிப்டஸுக்கு அந்த வசதி இல்லை. அதற்கு நைதரசனைத் தனியாகக் கொடுக்க வேண்டும். யூரியாவையும் சாம்பலையும் ஒன்றாகக் கலந்தால் அமோனியா ஆவியாகிப் பணம் காற்றில் போகும் என்பதைக் களத்தில் நிற்பவர்களுக்குச் சொல்லிவைப்பது நல்லது. நூறு தொன் விறகுக்கு ஏறத்தாழ ஒரு தொன் சாம்பல்தான் மிஞ்சும், பட்டையோடு எரித்தால் சற்றுக் கூடும். அளவு சிறிதென்று ஒதுக்க வேண்டாம். பொட்டாசிய உரத்துக்கு இறக்குமதியையே நம்பியிருக்கும் நாடு இது, 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டபோது தோட்டங்கள் பட்ட பாட்டை நீங்களே அறிவீர்கள்.

தேயிலை மலையில் இதைத் தூவச் சொல்லவில்லை. தேயிலைக்கு மண்ணின் பி.எச். 4.5 முதல் 5.5 வரை இருக்க வேண்டும். காரமான சாம்பலை மனம்போல் இறைத்தால் அந்த அமிலத்தன்மை குலையும். விறகு மலையிலும் அளவு வேண்டும். காடுகளுக்குச் சாம்பலைத் திருப்பி அனுப்பும் சுவீடனில், ஹெக்டயருக்குப் பத்தாண்டுகளில் 3 தொன்னுக்கு மேல் போட வேண்டாம் என்று அந்நாட்டு வனத்துறை அறிவுறுத்துகிறது. அங்கும் புதுச் சாம்பலை அப்படியே இறைப்பதில்லை. நனைத்து, கட்டியாக இறுகவிட்டு, உடைத்துப் போடுகிறார்கள். நம் மழைக்கும் சரிவுக்கும் அந்த முறை இன்னும் அவசியமானது. புகைபோக்கியில் படியும் நுண்சாம்பலில் கட்மியம் போன்ற உலோகங்கள் அதிகம் சேரும் என்பதால் அதைத் தனியே ஒதுக்கி, அடுப்படிச் சாம்பலை மட்டும் எடுக்க வேண்டும். சாயம் பூசிய பலகையோ பிளாஸ்டிக்கோ எரித்த நாளின் சாம்பல் எந்த மலைக்கும் வேண்டாம்.

மண்ணைச் சோதித்துவிட்டு, ஓடையிலிருந்து தள்ளியிருக்கும் ஒரு விறகு மலையில் முதலில் தொடங்கலாம். விறகு ஏற்றப் போகும் லொறி வெறுமையாகத்தானே மேலே ஏறுகிறது, சாம்பல் அதிலேயே போகட்டும். குவியலின் அடியில் நாட்கணக்கில் தணல் உயிரோடிருக்கும், தூள் கண்ணையும் தோலையும் அரிக்கும். ஆகவே கையுறை, முகக்கவசம், கண்ணாடி இல்லாமல் எவரையும் இந்த வேலைக்கு அனுப்பாதீர்கள். கொழுந்து எடுத்து முடிந்த பின் செய்யும் சில்லறை வேலையாக இதை அரைப் பேரில் (அரை நாள் சம்பளத்தில்) அடக்காமல், முழுப் பேர் (முழு நாள் சம்பளம்) போட்டுக் கணக்கில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தோட்டக் குடும்பமொன்றைச் சேர்ந்தவர்