கப்பல் பயணத்தில் உடைந்த பெட்டிக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் கப்பல் சுற்றுலா விளம்பரங்கள் அண்மைக் காலமாக அடிக்கடி வருகின்றன. காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் அறுபதாம் கல்யாணம் முடித்த தம்பதியரைப் பிள்ளைகள் கப்பலில் அனுப்பி வைப்பது இப்போது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. எத்தனை இரவு, எந்தெந்த ஊர், சைவச் சாப்பாடு உண்டா என்பதெல்லாம் அந்த விளம்பரங்களில் பெரிய எழுத்தில் இருக்கின்றன. பெட்டி உடைந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்பது மட்டும் சின்ன எழுத்தில்கூட இல்லை. அதைப் பற்றி எழுதவே இக்கடிதம்.

கப்பலில் பெட்டி போகும் விதம், விமானத்தில் மட்டும் போய்ப் பழகியவர்களுக்குப் புதிது. துறைமுக முனையத்தின் வாசலிலேயே, தளமும் அறை எண்ணும் அச்சிட்ட பட்டையைக் கைப்பிடியில் மாட்டி, சுமைதூக்குவோரிடம் பெட்டியைக் கொடுத்துவிட வேண்டும். கம்பிக் கூண்டு வண்டிகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, எக்ஸ்ரே சோதனையைத் தாண்டி, ஃபோர்க்லிஃப்ட் வண்டியால் கப்பலுக்குள் ஏற்றப்பட்டு, மாலையிலோ இரவிலோ அது நம் அறை வாசலுக்கு வந்து சேரும். இறங்குவதற்கு முந்தைய இரவு இதே வேலை தலைகீழாக நடக்கும். நிறம் குறித்த பட்டையைக் கட்டிப் பெட்டியை அறைக்கு வெளியே வைத்துவிட்டுப் படுக்க வேண்டும். விடிந்ததும் முனையக் கூடத்தில் நிறவாரியாக வரிசை கட்டி நிற்கும் பெட்டிகளுக்கு நடுவே நம்முடையதைத் தேடி எடுத்துக்கொள்ள வேண்டும். (மறுநாள் உடுத்த வேண்டியதையும் உள்ளே வைத்துப் பூட்டி வெளியே தள்ளிவிட்டு, இரவு உடையோடு இறங்கி வந்தவர்களும் உண்டு என்கிறார்கள். அது தனிக் கதை.) இந்த இரண்டு போக்குவரத்திலும் பெட்டி நம் கண்ணில் படுவதே இல்லை. யார் கையில், எந்த இடத்தில் அடிபட்டது என்று பயணியால் ஒருநாளும் காட்ட முடியாது. ஆகவே, கொடுக்கும்போது எப்படி இருந்தது, திரும்ப வாங்கும்போது எப்படி இருந்தது என்ற இரண்டுக்கும் சான்று வைத்துக்கொள்வதைத் தவிரப் பயணிக்கு வேறு பிடிமானம் கிடையாது.

என் தமக்கையாரும் அவர் கணவரும் திருச்சியிலிருந்து விமானத்தில் சிங்கப்பூர் சென்று, அங்கே கப்பலேறி, பினாங்கு பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். இறங்கிய காலை நல்ல மழை. கூடத்தில் அவர்கள் பெட்டி கிடைத்தபோது அதன் ஒரு மூலை உள்வாங்கியிருந்தது. சக்கரமும் அதைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கூடும் சேர்ந்து பிய்ந்து, அந்த இடத்தில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. அங்கிருந்த பணியாளரிடம் காட்டியதற்கு, ஊர் போய்ச் சேர்ந்ததும் மின்னஞ்சல் அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறார். திருச்சி விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று இவர்களும் வந்துவிட்டார்கள். வீட்டில் பெட்டியைத் திறந்தால் உள்ளே எல்லாம் நனைந்திருந்தது. முதல் சலவைகூடக் காணாத கண்டாங்கிச் சேலையின் அரக்குச் சாயம், சாந்திக் கல்யாணத்தன்று (அறுபதாம் கல்யாணத்தன்று) தமக்கையாரின் கணவரான அயித்தான் உடுத்திய பட்டு வேட்டியில் திட்டுத் திட்டாக ஏறிவிட்டது. அந்த வேட்டியை இனி எந்தச் சலவைக்காரராலும் மீட்க முடியாது.

கப்பல் நிறுவனத்துக்கு உடனே எழுதினார்கள். சில வாரம் கழித்து வந்த பதிலில் இரண்டு காரணங்கள் சொல்லப்பட்டிருந்தன. முனையத்தில் எழுத்துமூலம் புகார் பதிவாகவில்லை என்பதால் பெட்டி நல்ல நிலையில் பெறப்பட்டதாகவே கொள்ளப்படும் என்பது ஒன்று. சக்கரம், கைப்பிடி, ஜிப் ஆகியவற்றின் பழுது வழக்கமான தேய்மானம் என்பது மற்றொன்று. காப்பீட்டு நிறுவனம், ஏற்றி வந்தவர் கொடுத்த சேத அறிக்கை எங்கே என்று கேட்டது. விமான நிறுவனமோ, திருச்சியில் தங்களிடம் புகார் எழுதித் தராத பெட்டிக்குத் தாங்கள் எப்படிப் பொறுப்பாக முடியும் என்றது. பயணத்தை ஏற்பாடு செய்து கொடுத்த உள்ளூர் முகவர் மட்டும் மிகவும் மரியாதையாகப் பேசினார்: "சக்கரந்தானே போச்சு, விடுங்க ஆச்சி. அடுத்த ட்ரிப்புக்கு நம்ம சார்புல ஒரு பெட்டி குடுத்துருவோம்."

இந்தப் பதில்களில் எது சரி, எது சாக்கு என்று பிரித்துப் பார்ப்பது அவசியம். கடல்வழியே பயணிகளையும் அவர்களுடைய சாமான்களையும் கொண்டுசெல்வது குறித்து 1974-இல் ஏதென்ஸ் உடன்படிக்கை ஏற்பட்டது. 2002-இல் திருத்தப்பட்ட அதன் வடிவம் 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. எல்லா நாடுகளும் அதில் சேர்ந்துவிடவில்லை. ஆனால் தங்கள் பயணச்சீட்டின் நிபந்தனைகளில் அதையே எழுதி வைத்திருக்கும் கப்பல் நிறுவனங்கள் உண்டு. தமக்கையாரின் சீட்டிலும் அப்படித்தான் இருந்தது. அந்த உடன்படிக்கையின்படி, வெளியே கண்ணுக்குத் தெரியும் சேதத்தைப் பெட்டி திரும்பக் கிடைக்கும்போதே, அல்லது அதற்கு முன்பே, எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். வெளியே தெரியாத சேதத்துக்கும், பெட்டியே காணாமற்போனதற்கும் 15 நாள் அவகாசம் உண்டு. தெரிவிக்கத் தவறினால் பெட்டி பழுதின்றிப் பெறப்பட்டதாக அனுமானிக்கப்படும். ஆனால் அது வெறும் அனுமானமே, வேறு சான்றால் அதை முறிக்கலாம். பெட்டியைக் கொடுக்கும் இடத்திலேயே இரு தரப்பும் சேர்ந்து பார்வையிட்டிருந்தால் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டிய தேவையும் இல்லை.

ஆக, உடைந்த சக்கரத்தைப் பற்றி நிறுவனம் சொன்னதில் ஓரளவு சட்டம் இருக்கிறது. நனைந்து பாழான துணிகளைப் பற்றிச் சொன்னதில் இல்லை. உள்ளே இருந்த துணி நனைந்தது பெட்டியைத் திறந்த பிறகே தெரியும். 15 நாளுக்குள் எழுதியும் ஆயிற்று. மேலும், அறையில் நம்மோடு இருக்கும் சாமான் சேதமானால்தான் பொதுவாகக் கப்பல்காரரின் தவற்றை நாம் காட்ட வேண்டும். அவர்களிடம் ஒப்படைத்த பெட்டி சேதமானால், தவறு தம்முடையதன்று என்று அவர்கள்தாம் காட்ட வேண்டும். இதை அந்தப் பதில் கடிதம் தொடவே இல்லை. சக்கரம் தேய்வது தேய்மானம் என்பதை ஒப்புக்கொள்வேன். கூட்டோடு பிய்ந்து ஓட்டை விழுவது எந்த ஊர்த் தேய்மானம்?

இழப்பீட்டுக்கு உச்ச வரம்பு உண்டு. 2002 வடிவத்தில் அறைச் சாமானுக்கு ஒரு பயணிக்கு 2,250 எஸ்.டி.ஆர்., ஒப்படைத்த பெட்டிகளுக்கு 3,375 எஸ்.டி.ஆர். என்பது கணக்கு. எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. ஒன்றின் மதிப்பு நூறு ரூபாய்க்கு மேல். கேட்பதற்குப் பெருந்தொகையாகத்தான் இருக்கிறது. ஆனால் 149 எஸ்.டி.ஆர். வரை பயணியே ஏற்க வேண்டும் என்று சீட்டில் எழுதிக்கொள்ளவும் அதே உடன்படிக்கை இடம் தருகிறது. அப்படி எழுதியிருந்தால், ஐயாயிரம் ரூபாய்ப் பெட்டி ஒன்று மட்டும் உடைந்தவருக்கு ஒரு காசும் தேறாது. சீட்டு வாங்கும்போது உணவுப் பட்டியலுக்கு முன்னால் இந்த வரியைத் தேடிப் படிப்பது நல்லது. தங்கம், வெள்ளி, ரொக்கம் ஆகியவற்றைப் பாதுகாப்புக்கென்று கப்பல்காரரிடமே ஒப்படைத்திருந்தாலன்றி அவற்றுக்கு அவர்கள் பொறுப்பில்லை என்பதையும் நம் ஆச்சிமார் கவனிக்க வேண்டும். கழுத்துருவை, அதாவது எங்கள் பக்கத்துப் பெரிய தாலியை, கப்பலுக்குக் கொண்டுபோகிறவர் யாரும் இருக்கமாட்டார். ஆனால் வைரத் தோட்டைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்களை நான் அறிவேன்.

கப்பலும் பெட்டியும் நமக்குப் புதிதல்ல. 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் நம்மவரை மலேயாவுக்கு ஏற்றிச் சென்று கொண்டிருந்தது. பின்னர் வந்த சிதம்பரம் கப்பல் 1985 தீ விபத்தோடு நின்றுபோயிற்று. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது; படகில் போய்த்தான் ஏற வேண்டும். அந்தப் பயணத்துக்கென்று செய்த இரும்புப் பெட்டிகள், மேலே வெள்ளைப் பெயின்ட்டில் எழுதிய விலாசத்தோடு, இன்னும் பல வீடுகளில் கிடக்கின்றன. அவற்றைப் படகிலிருந்து தூக்கிப் போட்டாலும் படகுக்குத்தான் சேதம். இன்றைய பாலிகார்பனேட் பெட்டி எடை குறைவு என்பதற்காக வாங்கப்படுவது; அதன் சக்கரமும் மூலையும் கூண்டு வண்டியின் இடியைத் தாங்குவதில்லை. கடைக்காரர் தரும் உத்தரவாதத்திலும் போக்குவரத்தில் ஏற்படும் சேதம் பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும்.

நம் பகுதியிலிருந்து போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. விமானம், கப்பல், மீண்டும் விமானம் என்று பெட்டி பல கை மாறுகிறது. விமானத்துக்கு விதி வேறு. 1999 மான்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 2009-இல் சேர்ந்தது. அதன்படி பெட்டி சேதத்தைக் கையில் வாங்கியதிலிருந்து 7 நாளுக்குள் விமான நிறுவனத்துக்கு எழுத வேண்டும். இருந்தாலும் பெல்ட்டில் பெட்டியை எடுத்த கையோடு, வெளியே வருமுன், விமான நிறுவனத்தின் மேசையில் சேத அறிக்கை வாங்குவதே உசிதம். இவ்வாறு ஒவ்வொரு கை மாறும் இடத்திலும் பெட்டியை நாலு பக்கமும், பட்டை எண் தெரியும்படி, கைப்பேசியில் படம் எடுத்து வைத்தால், எங்கே உடைந்தது என்பதைப் படத்தில் உள்ள தேதியும் நேரமுமே சொல்லிவிடும். போகும் வழியில் உடைந்து அறை வாசலுக்கு வந்தால், அன்றைக்கே கப்பலின் விருந்தினர் சேவை மேசைக்குக் கொண்டுபோய்ப் புகார் எண்ணோடு எழுத்தில் வாங்க வேண்டும். இறங்கும்போது உடைந்திருந்தால் முனையக் கூடத்தை விட்டு வெளியே வரவே கூடாது. படிவம் இல்லை என்றால், வெள்ளைத் தாளில் இரண்டு வரி எழுதி, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் கேட்க வேண்டும். கையொப்பம் மறுத்தால் அங்கே நின்றபடியே படங்களோடு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பலாம். காப்பீடும் இந்த அறிக்கையைத்தான் முதலில் கேட்கும். பெட்டி சிறிதாக இருந்து, உடம்பில் தெம்பும் இருந்தால், கடைசி நாள் காலையில் தாமே தள்ளிக்கொண்டு இறங்க அனுமதிக்கும் கப்பல்களும் உண்டு. அது எல்லாவற்றிலும் நல்லது.

எழுதியும் பயனில்லை என்றால் சிங்கப்பூருக்கோ மும்பைக்கோ போய் வழக்காட வேண்டும் என்று பலர் அஞ்சி விட்டுவிடுகிறார்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க உரிமை தந்திருக்கிறது. நாங்கள் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும், கோனாபட்டு, ராயவரம் பக்கத்தார் புதுக்கோட்டை ஆணையத்திலும் புகார் கொடுக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். பயணத்துக்குச் செலுத்திய கட்டணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் ஆணையத்துக்குக் கட்டணம் எதுவும் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. அதற்கு முன்பாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். வெளிநாட்டு நிறுவனம் வந்து நிற்குமா, தீர்ப்பை எப்படி நிறைவேற்றுவது என்ற ஐயம் நியாயமானதே. ஆனால் காரைக்குடியில் கடை வைத்துப் பணம் வாங்கி ரசீது கொடுத்த முகவர் உள்ளூரில்தானே இருக்கிறார்? சேவை விற்றவர் என்ற முறையில் அவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்கலாம். தமக்கையார் இப்போது அதற்குத்தான் தாள்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

முகவர்களைப் பகைத்துக்கொள்ள இதை எழுதவில்லை. விசா முதல் பாயசம் வரை எல்லாம் சொல்லித் தருகிறவர்கள், ஆங்கிலத்தில் பல பக்கம் ஓடும் நிபந்தனைகளில் பெட்டி பற்றிய பகுதியை மட்டும் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டுச் சீட்டோடு தந்தால் போதும். எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும், இழப்பீட்டு வரம்பு எவ்வளவு, பயணி ஏற்க வேண்டிய தொகை எவ்வளவு, எத்தனை நாளுக்குள் யாருக்கு எழுத வேண்டும், இறங்கும் கூடத்தில் புகார் மேசை எங்கே இருக்கும் என்பவை அதில் இருக்கட்டும். பயணி திரும்பி வந்தபின் அவர் சார்பில் நிறுவனத்துக்கு எழுதித் தருவதும் வாங்கிய கட்டணத்துக்குள் அடங்கும் பணியே.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். கப்பல் சுற்றுலா விளம்பரங்களை ஏற்கும்போது, புகார் பெறும் அலுவலகத்தின் முழு முகவரியும் தொலைபேசி எண்ணும் இல்லாத விளம்பரத்தைத் திருப்பி அனுப்பி, அவற்றைச் சேர்த்து வாங்கி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தேவகோட்டை.