லே-ஆஃப் என்றால் திரும்பக் கூப்பிடுவார்கள்

தம்பிக்கு,

அம்மாவுக்கு முழங்கால் இப்போது பரவாயில்லை. போர் மோட்டாரைச் சரி பண்ணியாச்சு.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் ‘எங்க டீம்ல கொஞ்சம் பேரை லே-ஆஃப் பண்ணிட்டாங்க’ என்றாயாம். யாரை என்று அவள் கேட்கவில்லை, நானும் கேட்கப் போவதில்லை, அந்த வார்த்தையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மில் டைம் ஆபீஸில் 31 வருஷம் அந்த வார்த்தையோடுதான் இருந்தேன். லே-ஆஃப் வேறு, ரிட்ரென்ச்மென்ட் வேறு. 1947 தொழில் தகராறு சட்டத்தில் 1953-ல் இரண்டுக்கும் தனித்தனியாக அர்த்தம் எழுதிச் சேர்த்தார்கள். பஞ்சு இல்லை, கரண்ட் இல்லை, மெஷின் ரிப்பேர், நூல் தேங்கிவிட்டது, இப்படி ஏதாவது ஒன்று என்றால் லே-ஆஃப். ஷிப்ட் நேரத்துக்கு வந்து நின்ற ஆளுக்கு 2 மணி நேரத்துக்குள் வேலை தரவில்லை என்றால் அன்றைக்கு லே-ஆஃப், பேசிக்கிலும் டி.ஏ.விலும் பாதி உண்டு, மஸ்டர் ரோலில், அதாவது ஆள் வருகைப் பதிவேட்டில், பெயர் அப்படியே இருக்கும். ரிட்ரென்ச்மென்ட் என்றால் பெயரை அடித்துவிடுவது. ஒரு மாத நோட்டீஸ், வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், கடைசியாகச் சேர்ந்தவன் முதலில் வெளியே.

உங்கள் அமெரிக்காவில் லே-ஆஃப் என்பது எங்கள் ரிட்ரென்ச்மென்ட். ஃபயர் என்றால் ஆள் மேல் குற்றம், லே-ஆஃபில் குற்றம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எச்-1பி வேலை விசாவில் இருப்பவனுக்கு வேலை போனால், அங்கே தங்க அதிகபட்சம் 60 நாள் என்று படித்தேன். எந்தப் பேப்பர் கொடுத்தாலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே.

படிக்கும்போதே வேலை வாங்கியவன் நீ, ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். ஆனால் மூன்று வாரமாக வீடியோ போடாமல் பேசுகிறாய். சாப்பிடுகிறாயா? பேப்பரைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே.

பெரிய மாமா ஏன் நம் வீட்டுப் பொங்கலுக்கு வருவதில்லை என்று சின்ன வயதில் கேட்பாய், வேலை அதிகம் என்பேன். மில்லில் ஸ்பின்னிங் பிரிவை மூடும்போது சீனியாரிட்டி லிஸ்ட் டைப் அடித்தது நான்தான். மாமா பெயர் கீழேயிருந்து ஏழாவது. டீக்கடையில் ‘லே-ஆஃப்தானே மாப்ளே, கூப்பிடுவாங்கல்ல?’ என்று கேட்டார். ஆமாம் என்றேன். லிஸ்ட்டைப் போர்டில் ஒட்டும்வரை 11 நாள், காலை 7 மணிக்குத் தூக்குப்போசியோடு வந்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சைக்கிள் ஸ்டாண்ட் திண்ணையில் 9 மணி வரைக்கும் உட்கார்ந்திருப்பார். ரிஜிஸ்டரை நீட்டியதும் நான்தான். பக்கத்து மில்லில் ஆள் எடுத்தார்கள், அதற்குக்கூட அவர் போகவில்லை, என் வார்த்தையை நம்பி. அம்மாவுக்கு இன்றைக்குவரை தெரியாது. அவளுடைய அண்ணனிடம் நான் அந்தச் சின்ன வார்த்தையைச் சொன்னேன், நீ அவளிடம் அதையே சொல்லியிருக்கிறாய்.

தபால் ஆபீஸ் டெபாசிட் மாசியில் வருகிறது, டிக்கெட்டுக்குத் தாராளமாகக் காணும். அம்மா 10 மணிக்குத் தூங்கிவிடுவாள். அதற்கு மேல் கூப்பிடு, போனை எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வந்துவிடுகிறேன்.

அப்பா