அருகில் இருப்பவரைத் தேடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடவுள் எங்கும் நிறைந்திருக்கும்போது, ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்காகக் கால் கடுக்க வேளாங்கண்ணிக்கு நடப்பானேன் என்று வாசகர் ஒருவர் தங்கள் கடிதப் பகுதியில் கேட்டிருந்தார். நான் தரங்கம்பாடி லுத்தரன் என்னும் புராட்டஸ்டண்ட் மரபில் வளர்ந்தவன். மாதா கோயிலுக்கு நடைபயணம் போகும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. ஆயினும் நடப்பவர்கள் பக்கமே நான் பேச வேண்டியிருக்கிறது.

1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய லுத்தரன் ஊழியர் சீகன்பால்குவின் உழைப்பால் 1715-இல் தமிழில் அச்சேறிய, வேதாகமத்தின் புதிய ஏற்பாட்டில், அப்போஸ்தலர் பவுல் ஏதென்ஸ் நகரத்தாரிடம் பேசிய பேச்சு இருக்கிறது. 'அறியப்படாத தேவனுக்கு' என்று பலிபீடம் எழுப்பியிருந்த அவர்களை அவர் எள்ளி நகையாடவில்லை. மனிதர் தம்மைத் தேட வேண்டுமென்பதே கடவுளின் சித்தம் என்றும், அவர் நம்மில் ஒருவருக்கும் தூரமானவரல்லர் என்றும் ஒரே மூச்சில் சொன்னார். எம்மாவு என்னும் ஊருக்கு ஏழெட்டு மைல் நடந்த சீடர் இருவருக்கோ, உயிர்த்தெழுந்த இயேசு உடன் பேசிக்கொண்டே வந்தும், பந்தியில் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தபோதுதான் அவரை அடையாளம் தெரிந்தது. பக்கத்தில் இருப்பவரைக் கண்டுகொள்ளவும் இத்தனை தொலைவு ஆகிறது.

கீழ்வேளூர் வழியாகக் காவி உடுத்தி, மாதா சொரூபம் வைத்த சிறு தேரை இழுத்து வருபவர்கள், மாலையில் எங்கள் தெருமுனைப் பந்தலில் சற்று உட்காருவார்கள். நேர்த்திக்கடனைக் கொடுக்கல் வாங்கலாகப் பேசுவோரும் அவர்களில் உண்டு. அது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் சென்ற ஆண்டு, குதிகால் கொப்புளத்தில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்த ஒரு தாய், டயாலிசிஸ் செய்துகொள்ளும் மகனுக்காக நடப்பதாகச் சொன்னார். அவருக்கு நீர்மோர் ஊற்றியவர் கிறிஸ்தவர் அல்லர். "கவலப்படாதீங்கம்மா, மாதா பாத்துக்குவா" என்று சொல்லிவிட்டு, அடுத்தவருக்கு டம்ளரைக் கழுவப் போனார். அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். வேளாங்கண்ணி இன்னும் ஓரிரவு நடை. அதுவரை கடவுள் அவரைச் சந்திக்காமல் காத்திருந்தார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

நடந்தால்தான் கிடைப்பார் என்று எவரேனும் சொன்னால் அதையும் மறுப்பேன். நொறுங்குண்ட இருதயமுள்ளவர்களுக்குக் கர்த்தர் சமீபமாயிருக்கிறார் என்னும் வேதாகமத்தின் 34-ஆம் சங்கீதம் நடப்பவர்களுக்கு மட்டும் உரியதன்று. கட்டிலைவிட்டு எழ முடியாத முதியவர்கள் எங்கள் சபையில் இருக்கிறார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் திருவிருந்தின் அப்பத்தையும் ரசத்தையும் அவர்களுடைய வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போகிறார்.

இப்படிக்கு,
வாசகர், கீழ்வேளூர்